கெஸ்ட் கண்டக்டருக்கு ஒரு பொன்னாடை

எனக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காணும் வியாதி உண்டு. இதை ஒளித்துப் பயனில்லை. ஈஜோக் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சாலை விளக்கு பச்சையாகி, மறுபடியும் சிவப்பாகி, பின்னால் நிற்கும் லோரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "யக்கா, காடி கெட்டுப் போச்சா?" என்று அக்கறையாக விசாரித்த பிறகுதான் எனக்கு உலகம் திரும்ப வரும். (காடி, அதாவது கார், நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப் போனது வேறு.)

அம்மா இதற்கு வைத்த பெயர் 'போயிட்டா'. யாராவது வீட்டுக்கு வந்து "உமா எங்க?" என்று கேட்டால், எதிரில் உட்கார்ந்து கோப்பியை ஆறவிட்டுக்கொண்டிருக்கும் என்னைக் காட்டி, "இந்தா, இங்கதான் இருக்கா. ஆனா போயிட்டா" என்பார்.

இந்த வியாதியால் குழம்பு கருகியிருக்கிறது, பஸ் தவறியிருக்கிறது. ஒரு முறை யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் பந்தி முடியும்வரை உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போயிற்று. என் தங்கையின் வாழ்க்கையில் போய் மோதியது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

என் தங்கை பவித்ரா பியானோ வாசிப்பவள். செம்பனைத் தோட்டத்துக் கண்டக்டர் மகள் எப்படிப் பியானோவுக்குப் போனாள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரிடமும் சரியான பதில் இல்லை. ஏழு வயதில் ரவாங்கில் ஒரு சீன டீச்சரிடம் விளையாட்டாகச் சேர்ந்தாள். வீட்டில் பயிற்சி செய்ய யாரோ கொடுத்த பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. அதில் மூன்று கட்டைகள் ஊமை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவளே வாயால் "டிங்" என்று பாடி நிரப்பிக்கொள்வாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்பது எனக்கு அவ்வளவு சுகமாக இருக்கும். நான் உடனே 'போய்விடுவேன்'.

இருபத்து மூன்று வயதில் பவிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஐரோப்பாவில் ஓர் இசைக் கல்லூரி. அதில் சேர ஒரு நிபந்தனை: முழு ஆர்கெஸ்ட்ராவோடு மேடையில் வாசித்த பதிவு ஒன்றை அனுப்ப வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை, வெட்டு ஒட்டு இல்லாமல். ஆர்கெஸ்ட்ரா என்ன, கூப்பிட்டதும் வருகிற மேளமா? அறுபது பேர், அறுபது வாத்தியம், அறுபது பேருக்கும் ஓய்வு கிடைக்கிற ஒரு நாள் எல்லாம் கூடி வர வேண்டும். இரண்டு வருஷம் காத்திருந்தாள். கடைசியில் கோலாலம்பூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று புஞ்சாக் ஆலாமில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசிப்பதாக ஏற்பாடாயிற்று. பல பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு, பியானோவுக்குப் பவியைத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவை அனுப்பக் கடைசி நாள் அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. அந்த ஒரு பிற்பகலை விட்டால் அந்த வருஷம் போச்சு.

அழைப்பிதழை அப்பாதான் முதலில் கையில் எடுத்தார். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் அல்ல. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, வந்த ஆட்களைக் கணக்கெடுத்து, நீ இந்த வரிசை, நீ அந்த வரிசை என்று பிரித்து அனுப்பி, பகலெல்லாம் மோட்டார் சைக்கிளில் காட்டைச் சுற்றி வருகிறவர். அப்பா அந்த வேலையில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கெஸ்ட் கண்டக்டரா? அப்ப சொந்தக் கண்டக்டர் லீவுல போயிட்டாரு போல."

"பா, இது வேற கண்டக்டர் பா, ஆர்கெஸ்ட்ராவ நடத்துறவரு" என்றாள் பவி.

"என்னா வேற? நம்ம தோட்டத்துலயும் இதே கததான். நம்மாளு லீவு போட்டா பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து பெரட்டு எடுப்பான். ஆளுங்க ஒருத்தனாச்சும் அவன் பேச்சக் கேப்பானா?"

பவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதேதான் பா" என்றாள்.

அவர்கள் இருவரும் கண்டக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் அதற்கு முந்தின வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். கெஸ்ட். அதாவது சிறப்பு விருந்தினர்.

இங்கே என் இன்னொரு முகத்தைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எங்கள் தாமான் குடியிருப்பு இளைஞர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். பரிசளிப்பு விழாவோ, பொங்கல் விழாவோ, விளையாட்டு விழாவோ, பொன்னாடை போர்த்துகிற பொறுப்பு என்னுடையது. சும்மா இல்லை, அது ஒரு கலை. பிளாஸ்டிக் உறையை வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். ஜரிகை வெளியே தெரியும்படி மடித்து வைக்க வேண்டும். விருந்தினர் உயரமாக இருந்தால் குனியச் சொல்ல வேண்டும். போர்த்திய பிறகு அவர் தோளைப் பிடித்துச் சபைப் பக்கம் திருப்பி, போட்டோ எடுக்க மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், எங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் போன்ற பெரிய மனிதர்கள் எந்த விழாவிலும் கடைசிவரை இருக்க மாட்டார்கள். அடுத்த விழாவுக்கு ஓட வேண்டும். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்கள் என்றால் கிளம்பப் போகிறார்கள் என்று அர்த்தம். அதற்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் பாய்ந்து போய்ப் போர்த்திவிட வேண்டும். என் கையில் பொன்னாடை வாங்காமல் தப்பித்த விருந்தினர் ஒருவரும் இல்லை.

அழைப்பிதழை மேலும் கீழும் பார்த்தேன். வரவேற்புரை இல்லை, பொன்னாடை இல்லை, நன்றியுரை இல்லை. வெளிநாட்டிலிருந்து இத்தனை தூரம் விமானம் ஏறி வருகிற மனுஷனுக்கு ஒரு மாலைகூடவா கிடையாது? எனக்கு மனசு கேட்கவில்லை. மெரூன் நிறத்தில் அகல ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றும், சாமந்தியும் ரோஜாவும் நெருக்கிக் கட்டிய மாலை ஒன்றும் ஏற்பாடு செய்தேன். பவியிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். (உண்மையைச் சொல்வதானால், தங்கை ஜொலிக்கிற மேடையில் அக்காவும் ஒரு நிமிஷம் ஏறி இறங்க வேண்டும் என்ற அற்ப ஆசைதான். வேறென்ன?)

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் பவி எங்களுக்குப் பாடம் நடத்தினாள்.

"மா, நல்லாக் கேட்டுக்குங்க. நான் வாசிக்கிறது மூணு பாகம். ஒன்னு முடிஞ்சதும் நிறுத்துவோம். கை தட்டக் கூடாது. ரெண்டு முடிஞ்சதும் நிறுத்துவோம். அப்பவும் கூடாது. மூணும் முடிஞ்சாதான் தட்டணும்."

"நல்லா இருந்தாக்கூடவா?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா இருந்தாக்கூட."

"என்னா கொடும லா இது" என்றார் அப்பா.

"பதிவு ஓடிக்கிட்டே இருக்கும் பா. நடுவுல ஒரு சத்தம் வந்தாலும் போச்சு. இது ஒன்னுதான் நான் உங்ககிட்ட கேக்குறது." பவியின் குரல் லேசாக நடுங்கியது. பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சைக்கு முன்னால் அப்படி நடுங்கியதற்கு அப்புறம் நான் கேட்டதில்லை.

உடனே நான் தலைமை ஏற்றுக்கொண்டேன். அம்மாவையும் அப்பாவையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் என் கையப் பாருங்க. பாகம் முடிய முடிய நான் வெரல மடக்குவேன். மூணாவது வெரல் மடங்குனாதான் தட்டணும். புரிஞ்சிச்சா?" என்று மிரட்டினேன். பவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்ஸ்கா, நீ இருக்கிறதாலதான் நான் தைரியமா இருக்கேன்" என்றாள். இந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியமே மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் செம்பனை மரங்கள் தலை குனிந்து நனைந்துகொண்டிருந்தன. காடிக்குள் மாலையின் வாசனை. கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போய் வர, நான் இரண்டு தடவை 'போய்விட்டு' வந்தேன்.

மண்டபத்து வாசலில் கறுப்பு உடையில் நின்ற மலாய்ப் பெண்மணி மாலையும் பொன்னாடையும் வைத்திருந்த என் தாம்பாளத்தைப் பார்த்தார். பெயர் அட்டையில் ரொஸ்னா என்று இருந்தது. பூவா, தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கடைசியில் என்றார். நான் தலையாட்டினேன். வாசிப்பவரின் குடும்பம் என்பதால் முதல் வரிசை. ஓரத்து நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து மேடைப் படிக்கு ஏழே காலடி. (அளந்து வைத்திருந்தேன்.)

விளக்குகள் மங்கின. கெஸ்ட் கண்டக்டர் வந்தார். பெயர் ஹென்ரிக். நெடுநெடுவென்று உயரம், காதுவரை வெள்ளை முடி. பெட்டி மாதிரி ஒரு மேடைமேல் ஏறி நின்று அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அச்சு அசலா பெரட்டு எடுக்கிற மாதிரியே நிக்கிறாரு" என்று அப்பா கிசுகிசுத்தார்.

கரும்பச்சை கவுனில் பவி வந்து உட்கார்ந்தாள். என் தங்கையா இது என்று இருந்தது. கண்டக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கை உயர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? வயலின்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன. தரையிலிருந்து என்னை யாரோ மெதுவாகத் தூக்குவது போலிருந்தது. நான் எங்கேயும் போகக் கூடாது, விரலை எண்ண வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே கவனித்தேன். ஒரு கட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா மொத்தமாக நின்றது. கண்டக்டர் கையை இறக்கிவிட்டார். அறுபது பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டார்கள். பவி மட்டும் தனியாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். சரி, முதல் பாகம் முடிந்துவிட்டது, இது இரண்டாவது, இவள் தனி ஆவர்த்தனம் என்று முடிவு செய்து ஒரு விரலை மடக்கினேன்.

(முதல் பாகத்துக்கு உள்ளேயே பியானோக்காரர் தனியாக வாசித்துத் தன் திறமையைக் காட்டுகிற இடம் ஒன்று உண்டாம். அது எனக்கு யார் சொன்னார்கள்?)

அப்புறம் எல்லாரும் மறுபடி சேர்ந்துகொண்டு, முழக்கமாக வாசித்து முடித்தார்கள். இரண்டாவது விரலை மடக்கினேன். அம்மா என் காதருகே சாய்ந்தார்.

"ஒன்னு முடிஞ்சிருச்சா?"

"ரெண்டு மா."

"அதுக்குள்ளயா?"

"உஷ்ஷ்" என்று அடக்கினேன்.

அடுத்து வந்தது மெதுவான பாகம். அங்கேதான் என் கதை முடிந்தது. மழைக்குப் பிறகு செம்பனைக் காட்டுக்குள் நின்றிருக்கிறீர்களா? மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பவியின் விரல்கள் அந்தச் சொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தன. நான் வரிசைகளுக்கு நடுவே அந்தப் பச்சை இருட்டில் நடந்துகொண்டிருந்தேன். கால் நனைந்தது. தூரத்தில் ஒரு புல்லாங்குழல் ஆற்றுப் பக்கம் போனது, நானும் பின்னாலேயே போனேன். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நிறத்தில் ஒரு சம்பான் மிதந்தது. அதில் ஏழு வயதுப் பவி இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கீபோர்டு. ஊமைக் கட்டை வந்தபோது "டிங்" என்றாள். துடுப்புப் போட ஆளில்லை, சம்பான் தானாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் கரையில் நின்று, "பவி, குடைய எடுத்துக்கிட்டுப் போடி" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வரவில்லை.

இவள் போகப் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக இந்தப் பதிவு, அந்த விண்ணப்பம் என்று நானும்தான் கூடவே அலைந்தேன். அது நடந்தால் வீட்டில் பக்கத்து அறை காலியாகிவிடும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடைசிச் சொட்டு விழுந்தது. மண்டபமே மௌனமாயிற்று.

மூன்றாவது விரலை மடக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? பாதி கனவிலும் பாதி நனவிலும் இருந்த என் மூளை பளிச்சென்று பதில் சொன்னது: மரியாதை செய்வதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஹென்ரிக் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

ஐயையோ, கிளம்பப் போகிறார்!

தாம்பாளத்தோடு எழுந்தேன். அந்த மௌனத்தில் என் பட்டுச் சேலையின் சரசரப்பு எனக்கே கம்பீரமாகக் கேட்டது. ஓரத்திலிருந்து ரொஸ்னா இரண்டு கையையும் ஆட்டி, "பெலும்! பெலும்!" என்று கிசுகிசுத்தார். பெலும் என்றால் மலாயில் 'இன்னும் இல்லை'. ஆமாம், இன்னும் போடவில்லைதான், அதனால்தானே போகிறேன் என்று அவரைப் பார்த்துப் பெருந்தன்மையோடு தலையாட்டிவிட்டுப் படியேறினேன்.

"சார், ஒன் மினிட் சார்."

மன்றத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல் என்னுடையது. ஹென்ரிக் திரும்பினார். அவர் உயரம் போதாதென்று பெட்டிமேல் வேறு நின்றார். "கொஞ்சம் பெண்ட் பண்ணுங்க சார்" என்றேன். பாவம், குனிந்தார். பொன்னாடையைப் போர்த்தினேன். மாலையைப் போட்டேன். தோளைப் பிடித்துச் சபைப் பக்கம் திருப்பி, சிரித்த முகத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

ஒரே ஒருவர் கை தட்டினார். அம்மா. மூன்று விரலும் மடங்கியதைப் பார்த்தவராயிற்றே! உடனே அப்பாவும் தட்டினார். பிறகு பெரிய மனது பண்ணி மண்டபமே தட்டியது.

நான் பூரித்துப்போய்ப் பவியைப் பார்த்தேன். அவள் கைகள் பியானோவுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. முகம் வெளிறியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா... முடியலக்கா."

நம் தமிழில் இந்த வார்த்தை இருக்கிறதே, இதற்கு இரண்டு முகம். நான் எந்த முகத்தைப் பார்த்தேன் தெரியுமா? என் தங்கைக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, அறுபது வாத்தியக்காரர்கள் முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் தெள்ளத் தெளிவாக விழும்படி, "அழாதடி, அக்கா இருக்கேன்ல" என்று தேறுதல் வேறு சொன்னேன்.

"ஐயோ, வாசிச்சு முடியலக்கா. இன்னும் ஒரு பாகம் இருக்கு!"

கனவு கலைந்தது. வெறும் தாம்பாளத்தோடு நான் எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை. ரொஸ்னா என் முழங்கையைப் பிடித்துத் திரை மறைவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார் என்பது மட்டும் தெரியும். கேவலம் அதோடாவது நின்றதா? மாலையைக் கழற்றினால் அவமரியாதை ஆகிவிடும் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துவிட்டார். பொன்னாடையும் மாலையுமாகவே கையை உயர்த்தினார்.

மூன்றாவது பாகம் படுவேகமானது. அவர் கையை வீச வீச, சாமந்தி இதழ்கள் உதிர்ந்து விளக்கு வெளிச்சத்தில் சுழன்று சுழன்று வயலின்காரர்கள் தலையில் இறங்கின. அந்த நிலைமையிலும் சொல்கிறேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பொன்னாடைதான் காலை வாரிவிட்டது. வழுவழுவென்று தோளைவிட்டு நழுவியது. இடது கையால் அவர் அதைத் தூக்கிவிட்டார். இடது கை உயர்ந்தால் 'சத்தத்தைக் கூட்டு' என்று அர்த்தமாம். டிரம்பெட்காரர்கள் கூட்டினார்கள். மறுபடி நழுவியது, மறுபடி தூக்கினார், இன்னும் கூட்டினார்கள். மூன்றாவது தடவை தூக்கியபோது எழுந்த இரைச்சலில் பியானோ காணாமல் போனது. பவி தன் இடத்தைத் தவறவிட்டாள். அவளில்லாமலே ஆர்கெஸ்ட்ரா கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் எப்படியோ எட்டிப் பிடித்து முடித்தாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை, இனி யாரை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் ஈஜோக் வந்த பிறகு அப்பா மெல்ல, "நான் அப்பவே சொன்னேன்ல, கெஸ்ட் கண்டக்டர் பேச்ச ஆளுங்க கேக்க மாட்டானுங்கன்னு" என்றார். பவி சிரிக்கவில்லை.

பத்தொன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால், "மா, ஒங்க மூத்த மகள உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள். என்னுடைய 'பெண்ட் பண்ணுங்க சார்' உள்ளிட்ட அந்தப் பதிவை, வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை அப்படியே அனுப்பினாள். நான் கனவு காண்பதைக்கூட நிறுத்திவிட்டேன். கண்ணை மூடினாலே டிரம்பெட் சத்தம்தான்.

இருபதாம் நாள் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இடையூறு உள்ள பதிவை ஏற்க இயலாது, அடுத்த ஆண்டு மீண்டும் முயலலாம். அவ்வளவுதான். பவி அதை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் வாசித்துவிட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இயந்திரத்தைப் போட்டால் அழுகைச் சத்தம் வெளியே கேட்காது என்று போட்டும் விட்டேன். உள்ளே துணியே இல்லை.

வெறுமனே சுற்றிய இயந்திரத்தைப் பவி வந்து நிறுத்தினாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுடி" என்றேன். "என்னாலதான். ரெண்டு வருஷம் நீ பட்ட பாட்ட ஒரு நிமிஷத்துல முடிச்சு வெச்சுட்டேன். என்னை அடிச்சுக் கொல்லுடி."

அவள் அந்த இயந்திரத்தில் சாய்ந்தபடியே தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடியலக்கா" என்றாள்.

ஒரு தடவை சூடுபட்டவள் நான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது எந்த முடியல?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அதையே செய்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் போயிட்டாளுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே ஆர்கெஸ்ட்ரா அவளை மறுபடியும் கூப்பிட்டது. (இந்தத் தடவை சொந்தக் கண்டக்டர்.) அந்த ஒன்றரை மணி நேரமும் நான் வெளியே காடிக்குள் உட்கார்ந்திருந்தேன், என் சொந்த விருப்பத்தில். காடிச் சாவி அப்பாவின் பையில் இருந்தது, அவர் சொந்த விருப்பத்தில். அந்தப் பதிவு கல்லூரிக்குப் போயிற்று, பவியும் போனாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பந்தியில் மோர் வருவதற்கு முன்னால் எழுந்தாலும், சாமி கும்பிட்டு முடிவதற்குள் நகர்ந்தாலும், நாலு பேர் ஒரே குரலில் "முடியலக்கா!" என்று கத்துவார்கள். மாப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகளுக்கும்கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் முறைப்பேன். அதோடு சரி.

பவி அங்கேயே தங்கிவிட்டாள். அங்கேயே வாசிக்கிறாள், சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பேசுவோம். இங்கே என் பிள்ளைகள் ஒரு பக்கம் இழுப்பார்கள், அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும். "சரிடி, வெச்சிடவா?" என்று கேட்பேன்.

"முடியலக்கா" என்பாள்.

எந்த முடியல என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.